அம்புக்குறிக் கொத்தனார்

ஈனாக் ஃபோதர்கில்லை எனக்குப் பிடிக்காது. அவர் செத்துப் பதினோரு வருஷம் ஆகிறது, இன்னும் பிடிக்காது. அடக்கத்தன்று பிரசங்கியார், இறந்தவரைப் பற்றி யாராவது இரண்டு நல்ல வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டார். ஸ்கெல்பரோ ஊரே குனிந்து தரையைப் பார்த்தது. யாருக்கு வரும் நல்ல வார்த்தை? கடைசியில் நான்தான் எழுந்தேன். "பதினைஞ்சு வருஷத்துல இந்த மனுஷன் என்கிட்ட ஒரே ஒரு டிக்கெட்தான் வாங்கினாரு" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கோட்டை வாசலில் ஒரு மரக்கூண்டு இருக்கிறதே, அதற்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழிப்பவள் நான். பெயர் மாவிஸ் ஹெப்டன். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த வருஷம், அறுபத்தெட்டில், அந்த வேலை கிடைத்தது. டிக்கெட், தபால் அட்டை, கோட்டையைப் பற்றிய கையேடு, புதினா மிட்டாய் எல்லாம் என்னிடம்தான். கூரை ஒழுகும். கால் விறைக்கும். இவ்வளவும் போதாதென்று ஞாயிற்றுக்கிழமை பத்து மணி அடித்தால் ஈனாக் வந்து நிற்பார்.

"டிக்கெட்?" என்பேன்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். பின்ன, உங்க நாய்க்கா?"

"தன் வீட்டுக்குள்ள போக எவனாவது டிக்கெட் வாங்குவானாம்மா? இது நான் கட்டின கோட்டை."

"ஆமாமா. அந்தக் காலத்துல வில்லியம் ராஜாவே உங்களைக் கேட்டுட்டுத்தான் இங்கிலாந்தைப் புடிக்கக் கடல் தாண்டி வந்தாரு."

"உன் மிட்டாய் மாதிரியே உன் பேச்சும் சவசவன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கே போவார்? வீட்டுக்கா? ஆற்றுப் பக்கம் சுற்றிப் போய், ஆட்டு வேலியைத் தாண்டிக் குதித்து உள்ளே வருவார். ஐம்பது வயது ஆளுக்கு இது வேண்டியதா? நேராக வடக்கு மதிலுக்குப் போவார். அரை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு என் கூண்டு வழியாகவே, எனக்குக் குட் மார்னிங் சொல்லிவிட்டு வெளியே போவார். எரிச்சல் பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

அவர் சண்டை போடாத ஆள் ஊரில் கிடையாது. கல்குவாரித் தெருவில் பிறந்தவர். அப்பாவும் குவாரியில்தான். பதினாலு வயதில் கொத்தனாரிடம் சேர்ந்து, யுத்தத்தில் இத்தாலிக்குப் போய்ப் பாலம் கட்டி, திரும்பி வந்ததும் பழங்கட்டடங்களைப் பழுது பார்க்கும் அரசாங்கக் கோஷ்டியில் வேலைக்குச் சேர்ந்தார். அண்ணன்மேல் ஒரு ஏணி விஷயமாகக் கோபம், இருபது வருஷம் பேசவில்லை. மதுக்கடைக்காரர் பீரில் தண்ணீர் ஊற்றுகிறார் என்று சொன்னதற்காகக் கடைக்குள் வர வேண்டாம் என்றுவிட்டார்கள். பெண்டாட்டி எட்னா நல்லவள். ஒன்பது வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தங்கை வீட்டுக்கு விட்பி போய்விட்டாள். "கல்லு எதிர்த்துப் பேசாதுன்னுதான் அதை மட்டும் நேசிக்கிறாரு" என்று ரயில் ஏறும்போது சொல்லிவிட்டுப் போனாளாம்.

அவர் மனசில் ஒரே ஒரு ஆசைதான். அந்தக் காலத்துக் கொத்தனார்களுக்குத் தான் எந்த விதத்திலும் சளைத்தவன் இல்லை என்று யாராவது, படித்தவன் ஒருவன், வாயைத் திறந்து சொல்ல வேண்டும். யார் சொல்வார்கள்? பழுது பார்க்கும் வேலையில் சட்டமே வேறு. புதிதாகக் கட்டுவது பழையதுபோல் இருக்கவே கூடாது. பழைய சுவரின் முகத்திலிருந்து ஒரு விரல் அகலம் உள்ளே தள்ளிக் கட்ட வேண்டும். எது ராஜா காலத்தது, எது நேற்றுக் கட்டியது என்று பார்த்த கண்ணுக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் அது பித்தலாட்டம். ஈனாக் இதை வாழ்நாள் முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தார்.

ஐம்பத்தேழு பிப்ரவரியில், நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால், உறைபனியில் வடக்கு மதிலில் இருபதடி நீளம் சரிந்து விழுந்தது. ஆற்றங்கரைச் சரிவில் முட்புதருக்கு நடுவே இருந்த இடம், ஊரில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. செப்டம்பரில் யாரோ மந்திரி வருகிறார், அதற்குள் எழுப்பிவிடு என்று மேலிடத்து உத்தரவு. மேஸ்திரி இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார். இன்னொரு கொத்தனார் கனடாவுக்குக் கப்பல் ஏறிவிட்டார். ஈனாக் மட்டும் தனியாக நின்றார். கேட்பார் இல்லை, பார்ப்பார் இல்லை, பதிவேட்டில் எழுதிவைப்பாரும் இல்லை. மனுஷன் தன் ஆசையைத் தீர்த்துக்கொண்டார்.

விழுந்த கற்களையே பொறுக்கினார். சுண்ணாம்புச் சாந்தில் பழையவர்கள் விட்டதுபோலக் கரித்தூள் கலந்தார். ஒரு விரல் என்ன, ஒரு மயிரிழைகூட உள்ளே தள்ளாமல் பழைய மதிலோடு மதிலாக இழைத்துவிட்டார். அது மட்டுமா! அந்தக் காலத்துக் கொத்தனார்கள் தாங்கள் செதுக்கிய கல்லில் ஆளுக்கொரு குறி வெட்டுவார்களே, அதுபோல இவரும் மூன்று கல்லில் ஒரு குறி வெட்டினார். ஒரு அம்பு, அதன் குறுக்கே ஒரு கோடு. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் நேர்மையாக இருந்தார். எங்கள் பக்கம் மண்ணைத் தோண்டிப் பார்க்கிறவர்கள், குழியை மூடுவதற்கு முன்னால் அடியில் அந்த வருஷத்து நாணயம் ஒன்றைப் போடுவார்கள். நாளைக்குத் தோண்டுகிறவனுக்கு, இங்கே முன்பே ஒருவன் கை வைத்திருக்கிறான் என்று தெரிய வேண்டுமே, அதற்காக. ஈனாக்கும் அம்புக்குறி போட்ட ஒவ்வொரு கல்லுக்குப் பின்னாலும் ஐம்பத்தேழாம் வருஷத்து அரைப் பென்னி ஒன்றைச் சாந்தில் பதித்துவிட்டு மூடினார்.

ஒரு தப்பும் செய்தார். அஸ்திவாரம் போடவில்லை. கோட்டைக்குள் ஒரு மண்வெட்டி மண் எடுக்க வேண்டுமானாலும் மேலிடத்துக் கடிதம் வேண்டும். கடிதம் வர ஆறு மாதம் ஆகும். சரிந்து கிடந்த கல்குவியலின் மேலேயே பலகைக்கல் பரப்பிப் பதினாலு அடி மதிலை ஏற்றிவிட்டார். உள்பக்கம் இடுப்பளவு மண்ணை அணைத்துவிட்டார். அந்த மண் இருக்கிற வரைக்கும் மதில் நிற்கும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது.

எழுபத்தொன்பதில் ஒரு புதுக் கையேடு வந்தது. எழுதியவர் டாக்டர் விண்டர்போர்ன். தெற்கே இருந்து வந்த தொல்லியல்காரர். நல்ல கோட்டு, நல்ல ஷூ. என்னைப் பார்த்தால் என் தலைக்கு மேலே இருக்கும் விலைப்பட்டியலோடு பேசுவதுபோலப் பேசுவார். பதினாலாம் பக்கத்தில் வடக்கு மதிலின் படம் போட்டு எழுதியிருந்தார். எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய வேலையாம். அம்புக்குறி போட்ட அந்தப் பெயர் தெரியாத கொத்தனார், கோட்டையில் கை வைத்த அத்தனை பேரிலும் சிறந்தவராம். அவருக்கு ஈடான கை அதற்குப் பிறகு இந்தப் பக்கம் பிறக்கவில்லையாம்.

ஈனாக் அதைக் காசு கொடுத்தா வாங்குவார்? என் கூண்டு முன்னால் நின்றபடியே படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார் பாருங்கள், சிரித்துச் சிரித்து இருமல் வந்து கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்ன அவ்வளவு சிரிப்பு?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. நல்லா எழுதியிருக்கான் பய."

அதற்குப் பிறகு நாலு வருஷம், ஞாயிற்றுக்கிழமைதோறும் அதே கேள்வி. "பதினாலாம் பக்கம் இருக்கா, கிழிச்சுட்டியா?" பைத்தியம் முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். உண்மையைச் சொன்னால் மதில் போலி என்று ஆகிவிடும், இறக்கிவிடுவார்கள். அதனால் மனுஷன் வாயை மூடிக்கொண்டு சந்தோஷப்பட்டிருக்கிறார்.

எண்பத்து மூன்று ஜூலையில் டாக்டர் அகழாய்வுக்கு வந்தார். கூடவே கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர். உள்ளூரில் சம்பளமில்லாமல் தோண்ட யார் வருகிறீர்கள் என்று கேட்டார்கள். என் மகள் ஜூனுக்கு அப்போது இருபது வயது. முதல் ஆளாகப் போய் நின்றாள். திங்கட்கிழமை வடக்கு மதிலின் உள்பக்கம், அடியை ஒட்டினாற்போலக் கயிறு கட்டினார்கள். அந்த மகா கொத்தனார் எவ்வளவு ஆழத்துக்கு அஸ்திவாரம் போட்டிருக்கிறார் என்று டாக்டர் பார்க்க வேண்டுமாம். ஆள் ஆழத்துக்குத் தோண்டப் போகிறார்களாம்.

செவ்வாய்க்கிழமை ஈனாக் வேலி தாண்டி வந்தார். கயிற்றைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது.

"யாரைக் கேட்டு இங்க தோண்டறீங்க?" என்று கத்தினார்.

"மிஸ்டர் ஃபோதர்கில், வேலிக்கு அந்தப் பக்கம் போறீங்களா? தயவுசெஞ்சு" என்றார் டாக்டர். தயவும் இல்லை, ஒன்றும் இல்லை, அந்தக் குரலில்.

"கிழக்கால தோண்டுய்யா. தெக்கால தோண்டு. இங்க வேணாம்."

"ஏன்னு சொல்லுங்களேன்."

 ஈனாக் கெட்ட வார்த்தையாகக் கொட்டிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் பார்த்தால் தோண்டின மண் பாதி குழிக்குள் திரும்பக் கிடந்தது. யார் வேலை என்று கேட்கவும் வேண்டுமா? டாக்டர் போலீஸைக் கூப்பிட்டார். அவர்கள் ஈனாக்கை அழைத்துப் போய் மிரட்டிவிட்டு அனுப்பினார்கள். பிள்ளைகள் மறுபடி தோண்டினார்கள். வியாழக்கிழமை குழி ஜூனின் இடுப்புக்கு வந்துவிட்டது.

அன்று மத்தியானம் அவர் என் கூண்டுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் அதைப் பார்த்ததே இல்லை.

"உன் பொண்ணை அந்தக் குழியிலருந்து வெளிய வரச் சொல்லு."

"என்ன, மிரட்டுறீங்களா? திரும்ப போலீஸ் வேணுமா?"

"ஏய், காது குடுத்துக் கேளுடி! அந்தச் சுவரு விழும். அதுக்கு அஸ்திவாரமே கிடையாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் கட்டினதும்மா அது" என்றார்.

"ஆமா, லண்டன் பாலமும் நீங்க கட்டினதுதான். போங்கய்யா வேலையைப் பாத்துட்டு."

அவர் போகவில்லை. பலகையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். பனி, மந்திரி, கரித்தூள், அம்பு, அரைப் பென்னி, கல்குவியல். வார்த்தைக்கு வார்த்தை திட்டிக்கொண்டேதான் சொன்னார், என்னை, டாக்டரை, மேலிடத்தை. ஆனால் பொய் சொல்கிறவன் இவ்வளவு கோபமாகச் சொல்லமாட்டான்.  பதினைந்து வருஷமாக என்னைப் படுத்தின ஆளை நம்ப வேண்டியதாகிவிட்டதே என்று அவர்மேல்தான் முதலில் ஆத்திரம் வந்தது.

"இதை டாக்டர்கிட்ட சொல்றதுக்கென்ன?"

"சொன்னேனே, காலையில. சிரிக்கிறான். அந்த அம்புக்காரனுக்கும் எனக்கும் ஒரே ஊருங்கறதுகூட அந்தக் கொத்தனாருக்கு அவமானமாம்."

கூண்டைப் பூட்டிவிட்டு நானே போனேன். டாக்டர் என் தலைக்கு மேலே பார்த்தபடி சொன்னார்: "மிஸஸ் ஹெப்டன், அந்தச் சுவத்துக்குக் குறைஞ்சது ஆறடி அஸ்திவாரம் இருக்கும். இப்படி ஒரு கை தெரிஞ்ச ஆளு அரைகுறையா விடமாட்டான்." ஜூனைக் கையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, எல்லாரும் பாக்கறாங்க, மானத்தை வாங்காதே" என்று உதறிவிட்டுக் குழிக்குள் இறங்கினாள். அன்றிரவு அவளோடு சண்டை போட்டுக் கத்தியதில் என் தொண்டை கட்டிக்கொண்டது. அவள் கேட்கவில்லை. என் மகளாயிற்றே!

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டீ. ஜூனும் மற்றப் பிள்ளைகளும் கூடாரத்துக்குப் போயிருந்தார்கள். நான் கூண்டில் உட்கார மாட்டாமல் ஜூனுக்குப் பக்கத்திலேயே நின்றேன். டங் டங் என்று சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் ஈனாக் ஏணியில் நின்று, உளியை வைத்து அம்புக்குறிக் கல்லைச் சுற்றிச் சாந்தை உடைத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் டீக்கோப்பையோடு ஓடினார். "நிறுத்துய்யா! எழுநூத்தைம்பது வருஷத்துக் கல்லுய்யா அது! காட்டுமிராண்டி!"

"இருபத்தாறு வருஷம்" என்றார் ஈனாக், திரும்பாமல்.

கல் வெளியே வந்தது. அதைத் தூக்கிப்போடவில்லை, குழந்தையைப் போலத் தோளில் சாய்த்து இறங்கி வந்து புல்லில் வைத்தார். அதன் முதுகுச் சாந்தில், பச்சைக் களிம்பு பிடித்த அரைப் பென்னி. டாக்டர் குனிந்து பார்த்தார்.

"நேத்து ராத்திரி நீயே வெச்சிருப்ப."

அதற்குள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளும் கூடாரத்திலிருந்து வந்து சுற்றி நின்றார்கள்.  ஈனாக் அந்த ஆளை அடிப்பார் என்றே நினைத்தேன், அடித்தாலும் நான் தடுத்திருக்க மாட்டேன். அவர் உளியையும் சுத்தியலையும் டாக்டரிடம் நீட்டினார்.

"உம் புத்தகத்துல மூணு அம்பு போட்டிருக்கியே. நான் ஒண்ணைத்தான் தொட்டேன். மீதி ரெண்டுல உனக்குப் புடிச்சதை நீயே எடு. உன் கையால எடு."

டாக்டர் ஏறினார். அவருக்கு உளி பிடிக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை விரலில் அடித்துக்கொண்டார். ஈனாக் கீழே நின்று, "இடது பக்கம் தட்டு. மெதுவா. ஐயோ, அந்த ஓரத்தைச் சிதைக்காதய்யா!" என்று கத்திக்கொண்டே இருந்தார். இருபது நிமிஷம் ஆயிற்று. கல் அசைந்தது. டாக்டர் கையை உள்ளே விட்டுத் துழாவி, ஒரு சாந்துக் கட்டியை எடுத்தார். கட்டைவிரலால் தேய்த்தார். ராணியின் முகம் தெரிந்தது. திருப்பிப் பார்த்தார், ஒரு கப்பல், அதற்குக் கீழே ஐம்பத்தேழு என்று வருஷம்.

"எல்லாரும் அங்கயே இருங்க. குழிக்குள்ள யாரும் இறங்க வேண்டாம்" என்றார்.  ஜூன் என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

திங்கட்கிழமை ஒரு பொறியாளர் வந்தார். மதிலின் அடியில் இரும்புக் கம்பியைச் செருகினார். அது வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கிப்போனது. இன்னும் ஒரு முழம் தோண்டியிருந்தால் அவ்வளவும் குழிக்குள்தான் விழுந்திருக்கும் என்றார். மூன்றே வாரத்தில் மதிலை இறக்க உத்தரவு வந்தது.

இனி நடந்ததைச் சொல்ல எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது. பன்னிரண்டு பிள்ளைகள் உயிரோடு இருந்தார்களே, ஒரு நன்றி? ஈனாக்குக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது, பாதுகாக்கப்பட்ட சின்னத்தை உளியால் சேதப்படுத்தியதற்காகக் கடும் எச்சரிக்கை. அந்தச் சின்னம் போலி என்று இறக்குவதும் அவர்களேதான்! நானே இறக்கித் தருகிறேன், கல்லை உடைக்காமல் இறக்குவேன் என்று ஈனாக் கேட்டார். வேறு ஊரிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். இரண்டு நாளில் கதை முடிந்தது. அவருடைய அரைப் பென்னியையாவது கேட்டார். அகழாய்வில் கிடைத்தது அரசுக்குச் சொந்தம் என்று சொல்லி, ஒரு காகித உறையில் போட்டு எண் எழுதி டாக்டர் கொண்டுபோனார். மறு வருஷம் வந்த கையேட்டில் அந்த அம்புக்காரரைக் காணோம். பதினாலாம் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'இங்கே இருந்த மதில் அண்மைக் காலத்தது, முக்கியத்துவம் அற்றது, அகற்றப்பட்டது.' பெயர் தெரியாதவனை அவ்வளவு புகழ்ந்தவனுக்கு, பெயர் தெரிந்ததும் எழுத ஒரு வார்த்தை வரவில்லை.

அந்த அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பத்து மணி. ஈனாக் வந்தார். பலகையில் அறுபது பென்ஸை வைத்தார்.

"என்ன இது?"

"டிக்கெட்டு. ஒண்ணு."

"வேலி அங்கதான இருக்கு. வழக்கம்போலத் தாண்டிப் போங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன்."

"அது அப்போ" என்றார். "உள்ள என்னோடது இருந்துச்சு, போனேன். இப்போ எனக்கென்ன இருக்கு அங்க? வெளியூர்க்காரன் வர்றான்ல, அதே மாதிரிதான் நானும். கிழிச்சுக் குடு."

"வேணாம். சும்மா போங்க."

"சும்மா போறதுக்கு நான் என்ன பிச்சைக்காரனா? கிழின்னா கிழி!"

"கத்தாதீங்க!" என்று நானும் கத்தினேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தால் எனக்குக் கத்தத்தான் தெரியும். ஜூன் உயிரோடு இருப்பதற்கு நான் இந்த ஆளின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.

அவர் வாசல் வழியாக உள்ளே போனார். நான் வந்த நாளிலிருந்து அவர் அந்த வாசலில் நுழைந்து பார்த்ததில்லை. யாராவது நிறுத்திக் கேட்டால் காட்ட வேண்டுமே என்பதுபோல, டிக்கெட்டைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டே வடக்குப் பக்கம் வரைக்கும் நடந்தார். யாரும் கேட்கவில்லை. அங்கே கேட்கிறவள் நான் ஒருத்திதான்.